டேங்கர் நைனாவும் மேல் சாரும்

பொதுமக்களிடமிருந்து ஒரு மனு வந்தால், வாங்கிய அலுவலகம் மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தர முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். மனு தனக்குச் சம்பந்தமில்லாதது என்றால் சம்பந்தப்பட்ட இடத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். இதுதான் விதி. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் உட்கார்ந்து முதலில் முடியையும் பிறகு பல்லையும் இழந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த விதியில் விண்வெளிக்கு விலக்கு எதுவும் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் டேங்கர் நைனா. பூமியைப் பார்க்க ஒரு செயற்கைக்கோள் மேலே போகிறது என்ற செய்தியைக் கேட்டு, பேண்ட் போட்டுக்கொண்டு குளிக்க ஆரம்பித்த ஒரே மனிதர் இந்தத் தேசத்தில் அவராகத்தான் இருப்பார்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் பிரிகிற ஒரு சந்து எங்களுடையது. இடது பக்கம் ஓர் அடுக்ககம். அதில் தரைத்தளத்தில் நான். எனக்கு நேர் எதிரே நைனாவின் மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு, அதற்கு ஒரு மோட்டார், முன்னால் இரண்டு தண்ணீர் லாரிகள். சுற்று வட்டாரத்து அடுக்ககங்கள் எல்லாம் பல் தேய்ப்பது அவர் தயவில். அதனால் டேங்கர். வயது, வயிறு இரண்டும் பெரிது என்பதால் நைனா. அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அவருக்காக மனு எழுத உட்கார்ந்தபோதுதான். அது அவருக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை.

ஆள் ஆறடி. லாரியின் ஹாரன் கெட்டுப்போனால் டிரைவர் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகலாம், அப்படிக் குரல். ஆனால் பயந்தவர். பல்லிக்குப் பயம், ஊசிக்குப் பயம், லிப்டுக்குப் பயம். கூடுவாஞ்சேரியில் மகள் வீடு நான்காவது மாடி. மகளைப் பார்க்கப் போனால் கீழேயே நின்று, "எறங்கி வா கண்ணு, அப்பா வந்துகீறேன்" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு நான்கு மாடிக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். மகள் இறங்கி வந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றே குடும்ப விஷயம் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் கடல். மாமல்லபுரத்தில் பெருமாளைச் சேவிக்கப் போனாலும் கடற்கரைப் பக்கம் திரும்ப மாட்டார். யாராவது இழுத்துக்கொண்டு போய் மணலில் நிறுத்தினால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"அது நம்பளையே பாத்துகினு கீது சாரே. நாம்ப திரும்பிப் பாத்தா, இன்னான்னு கேக்கும்."

"கேட்டா பதில் சொல்லிட்டுப் போங்களேன்."

"இன்னான்னு சொல்றது? அதான பேஜாரு."

இப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் கையில் பாதி இட்லியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"சாரே, மேல ஒரு சாரு போறாராமே?"

"எந்த சார்?"

"டிவில சொல்லிகினே கீறான். சாரு மேல போறாரு, அங்க குந்திகினு பூமியப் பாக்கப் போறாரு. மேகம் மறச்சாலும் பாப்பாராம், இருட்டுனாலும் பாப்பாராம். ரிட்டயர் ஆன ஆபீசரா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அது ஆள் இல்ல நைனா. ராடார். அதோட பேர் மூணு இங்கிலீஷ் எழுத்து. சேத்துப் படிச்சா சார்னு வருது. காடு அழியுதா, பனி உருகுதா, கரை அரிக்குதான்னு மேலேந்து பாக்கப் போகுது, அவ்வளவுதான்."

"ஆளே இல்லாம எவனாச்சும் சார்னு பேரு வெப்பானா? பெரிய ஆபீசரு எவரோ கீறாரு. நீ மறைக்கிற."

காலி நாற்காலிக்கே சார் போட்டுப் பேசிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அதற்கு மேல் வாதாட எனக்குத் தகுதி இல்லை. அன்றிலிருந்து தெருவில் நான் கீழ் சார் ஆனேன். மேலே போகப் போவது மேல் சார்.

அதுவரை நைனா கிணற்றுக் குழாயடியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்கக் குளிப்பவர். ஊர் பார்த்தால் அவருக்குக் கவலையில்லை. மறுநாள் பேண்ட், பனியன் சகிதம் குழாயடியில் நின்றார். மேகத்தையே தாண்டிப் பார்ப்பவருக்குத் துண்டு எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. அவர் மனைவி தனம் சமையலறை ஜன்னலில் இருந்து சொன்னாள்:

"ஒன்னப் பாக்கத்தான் ராக்கெட்டு வுடுறாங்க பாரு! ஒரு தபா பாத்துச்சுன்னா அதுவா கீழ வந்து வுழுந்துரும்."

தெரு சிரித்தது. ஆனால் பேண்டுக்குள் இருந்த பயம் வேறு. அதைத் தனியாக வந்து, குரலை அடக்கி என்னிடம் சொன்னார்.

"சாரே, போருல தண்ணி எடுக்கறது தெரிஞ்சுருமா?"

அந்தக் கிணற்றுக்கு அவர் அனுமதி வாங்கியிருந்தது வீட்டுக் குடிநீருக்கு. வீட்டில் இருந்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேர் குடிப்பதற்காக மோட்டார் விடிந்ததிலிருந்து ஓடும்; லாரிகள் போகும், வரும், போகும். சட்டம், விதி, சுற்றறிக்கை மூன்றும் அதைத் தடுக்கின்றன என்பது எனக்குத் தெரியும். மூன்றையும் கையில் வைத்திருந்த அதிகாரிகளின் வீட்டுக்கும் இவர் லாரிதான் போனது என்பதும் தெரியும்.

"ஒரு மனு எழுது சாரே. கேளம்பாக்கம் மேல வர்றப்போ மட்டும் கொஞ்சம் அந்தாண்ட பாத்துகினு போவச் சொல்லி."

"இன்னும் பொறுப்பே ஏற்காத அதிகாரிக்கு மனு குடுக்க முடியாது நைனா."

யோசித்தார். "அதுவும் கரீட்டு. சார்ஜ் எடுக்கட்டும்."

ஆடி மாதத்தில் ஒரு மாலை. வடக்கே, ஆந்திரக் கரையிலிருந்து ராக்கெட் கிளம்புகிற நாள். வானம் சரியாக இருந்தால் கோவளம் கடற்கரையிலிருந்தே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும் என்று தெருவில் நான்கைந்து பேர் புறப்பட்டோம். நைனா தானும் வருவேன் என்றார். கடலுக்கா என்று கேட்டேன்.

"அவரு போறாரா இல்லியானு என் கண்ணால பாக்கணும். சில ராக்கெட்டு கடல்லயே வுழுந்துடுமாமே?" கேட்ட குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

மணலில் போய் நின்றதும் வழக்கப்படி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். ராக்கெட் வருவதோ அந்தப் பக்கம். நைனா திட்டம் வைத்திருந்தார். போனை எடுத்து, தன் முகத்தையே படம் பிடிக்கிற மாதிரித் திருப்பி, தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். கடற்கரை முழுக்க வடக்கே பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் திடீரென்று கத்தியது. மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. போனில், அவர் காதுக்குப் பின்னாலிருந்து அது மெல்ல மேலே ஏறியது. போன் ஆடியதில் ஒரு முறை காது தெரிந்தது, ஒரு முறை வானம் தெரிந்தது, பிறகு நெருப்பு. அப்புறம் மேகம் மூடிவிட்டது.

"பூட்டாரா?"

"போயிட்டார்."

பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்கார அம்மாள் கேட்டாள்: "யாரு சாமி பூட்டது?"

"சாரு," என்றார் நைனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அடப் பாவமே! புள்ள குட்டி கீதா?"

"ஒண்ணும் கெடியாது. மேல தனியாத்தான் இருக்கணும்."

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்து, வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நான் யாரையும் திருத்தவில்லை. ஒருவர் போனவருக்காகக் கும்பிட்டார். இன்னொருவர் இனி வரப்போகிறவருக்காக அழுதார். வீடு திரும்பும் வழியெல்லாம் நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஷேர் ஆட்டோக்காரரே கவலைப்பட்டு, "நைனாவுக்கு உடம்புக்கு இன்னா?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்து நடந்ததற்கு என் வாய் காரணம். அந்த ராடார் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை அதே இடத்தை மறுபடி பார்க்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். நைனா ஆடி மாதத்து அந்த மாலையிலிருந்து தானே கணக்குப் போட்டு, காலண்டரில் கிருத்திகைக்கும் அமாவாசைக்கும் நடுவே 'மே.சா.' என்று குறித்துக்கொண்டார். மேல் சார் வருகை. அந்த நாளில் மோட்டார் ஓடாது. லாரிகளைக் கழுவி நிறுத்துவார். ஷேவ் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

கிணற்றை மறைக்க முதலில் நீலத் தார்ப்பாய். மேகத்தைத் தாண்டுகிறவர் தார்ப்பாயைத் தாண்ட மாட்டாரா என்ற சந்தேகம் வந்து, அதற்கு மேல் தென்னங்கீற்று. அதுவும் போதாது என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் எருமையை ஓட்டிவந்து அதை மறைத்தாற்போல் கட்டினார். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் எங்கள் அலுவலகத்திலும் இதையேதான் செய்வோம். எருமை மட்டும் கிடையாது.

மூன்றாவது மே.சா. அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. போய்ச் சொன்னேன்.

"நைனா, நீங்க மூடி வச்சிருக்கறது போர. அது போரப் பாக்கறதில்ல. தரையப் பாக்கும். போன தடவ தரை எந்த உயரத்துல இருந்துது, இந்தத் தடவ எந்த உயரம்னு பாக்கும். ஒரு விரல்கடை எறங்கியிருந்தாக்கூடக் கண்டுபிடிச்சுடும்."

"தரை எங்க எறங்கும்?"

"அடியில இருக்கற தண்ணிய எடுத்துக்கிட்டே இருந்தா, சில இடத்துல மண் அமுங்கும்."

"இங்கியா?"

"தெரியாது. அதப் பாக்கத்தான் போயிருக்கு."

நைனா குனிந்து தான் நின்ற இடத்தைப் பார்த்தார். மெல்ல ஒரு காலைத் தூக்கினார். இன்னொன்றையும் தூக்க வழி இருந்திருந்தால் தூக்கியிருப்பார்.

மறுநாள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினார். சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சுவரில் ஒரு விரிசல். மயிரிழை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தடித்த மயிர்.

"இது எப்போ வந்துச்சு தனம்?"

"எப்பவுமே கீது. நீ செவுத்த எப்போ பாத்த?"

எப்போதும் இருந்ததா, இப்போது வந்ததா? அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த முறையைச் சொன்னேன். எங்கள் கட்டடப் பிரிவில் செய்வார்கள்: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் அது பழைய விரிசல், தூங்குகிறது என்று அர்த்தம்.

சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரத்தில் நைனா வீடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நோயாளி மாதிரி ஆகிவிட்டது. சமையலறை, மாடிப்படி, காம்பவுண்டு, மோட்டார் மேடை, எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கட்டு. தெருமுனைப் பிள்ளையார் கோயில் சுவரிலும் ஒன்று. உடைந்துவிடக் கூடாது என்று அவர் நுனிக்காலில் நடந்தார். கத்துவதை நிறுத்தினார். தெருவில் காக்கை கத்துவது எனக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது.

"மிக்ஸி போடாத தனம், செவுரு அதுருது."

"ஏன், சட்னி வாணாம்னு மேல் சாரு சொன்னாரா?"

தனத்துக்குப் பயமே கிடையாது. அல்லது இரண்டு பேருக்குச் சேர்த்து அவரே பயப்படுகிறார், தான் வேறு எதற்கு என்று விட்டுவிட்டாள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்தான் என் வீட்டுக்கு அடியிலும். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு என் பீரோவை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சுவரில் ஒரு கோடு. பெயிண்டா, விரிசலா? மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தும் தெரியவில்லை. பீரோவைப் பழையபடி தள்ளிவிட்டேன். அதன் பிறகு படுத்தால் தலை தெற்கே கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகத் தோன்றும். எழுந்து தலையணையைக் கால்மாட்டில் போட்டால் வடக்கே தாழ்ந்திருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது நாள் மதியம், குடை கூட இல்லாமல் நைனா என் வாசலில் வந்து நின்றார்.

"ஒடஞ்சிருச்சு சாரே."

ஓடினேன். சமையலறைக் கண்ணாடி நடுவில் சுத்தமாக இரண்டாகியிருந்தது. தனம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நைனா விரிசல் மேல் விரலை வைத்தார்; சூடாக இருப்பதைத் தொட்ட மாதிரி உடனே எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"நாக்குல வெச்சுப் பாரு."

வைத்தேன். உப்புக் கரித்தது. முந்தின வாரம் வரை அப்படி இல்லை.

"வந்துடுச்சு சாரே," என்றார் நைனா. "நான் முதுகக் காட்டிகினே நின்னேன்ல. அது அடியால வந்துடுச்சு."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் சொன்னது எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும். டம்ளரைக் கீழே வைத்தேன். அது தரையில் தட்டிய சத்தம் கேட்டு மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

"தனம், பொண்ணு வூட்டுக்குப் பூடலாம்."

"நீ பல்லிக்கு பயந்து வூட்ட வுட்டு ஓடுன ஆளு. மூணு நாளு லாரில படுத்துகினு இருந்த. ஒம் பேச்சக் கேட்டு வூட்ட வுட்டு வர முடியுமா? வூடு எறங்குதுன்னு யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்லட்டும், வரேன்."

"யாரு சொல்லணும்?"

"அதான் மேல ஒருத்தரு கீறாரே ஒனக்கு. அவரு எழுதிக் குடுக்கட்டும்."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். "எழுது சாரே மனு. அந்தாண்ட பாக்க வாணாம்னு எழுது. நல்லா இங்கியே பாக்கச் சொல்லு. எறங்குதா, இல்லியா? ஒரே வார்த்த. அது வந்தாத்தான் இவள இங்கேந்து கெளப்ப முடியும்."

அன்று மாலையே எழுதினோம். பொருள், பார்வை, இணைப்பு, நகல் எல்லாம் முறைப்படி. பெறுநர் இடத்தில் 'மேல் சார்' என்று போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செயற்கைக்கோளை அனுப்பிய அலுவலகத்தின் தலைவருக்கு என்று போட்டு, கடைசி வரியில் 'தங்களின் மேலான பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று எழுதியதும் சமாதானமானார். சர்வீஸ் முழுக்க நான் எழுதிய வரி அது. அதற்கு ஒரு பொருள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணு வுட்டுட்ட. தண்ணி எடுத்தது நான்தான்னு போடு."

"மனுதாரர் தனக்கு எதிரா தானே எழுதக்கூடாது நைனா. அது மனு இல்ல, வாக்குமூலம்."

"அவருதான் பாத்துட்டாரே. நான் சொல்லலன்னா நல்லாவா இருக்கும்?"

போட்டேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். தபால் போன கையோடு மோட்டாரை நிறுத்திவிட்டார். ஒரு நாளுக்கு இல்லை, பதில் வருகிறவரை.

அடுக்ககங்கள் கொந்தளித்தன. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் தலையில் சோப்பு நுரையோடு வந்து சண்டை போட்டார். மறைமலைநகர்ப் பக்கத்திலிருந்து வேறு லாரிகள் வர ஆரம்பித்தன. இவர் டிரைவர்கள் இருவரும் அந்த லாரிகளுக்கே போய்விட்டார்கள். நானே சொன்னேன்: "நிறுத்தணும்னு ஒங்களுக்கு யாரும் உத்தரவு போடலையே."

"உத்தரவு இல்லன்னா இன்னா சாரே. பயம் கீதே."

ஓடுகிற மோட்டாரை நிறுத்தச் சொல்லி எத்தனையோ உத்தரவுகளை என் கையால் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றாவது நின்றதாக எனக்கு நினைவில்லை.

ஒப்புகை வரவில்லை. பதில் வரவில்லை. விதியை மேற்கோள் காட்டி ஒரு நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. இரண்டாம் நினைவூட்டில் என் ஓய்வு பெற்ற பதவியையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கு அங்கே யாரும் எழுந்து நின்றதாகத் தெரியவில்லை.

மே.சா. நாட்கள் மட்டும் தவறாமல் வந்தன. இப்போது தார்ப்பாய் இல்லை, கீற்று இல்லை, எருமை வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கிணற்று மேடைக்குச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் நைனா நிமிர்ந்து நிற்பார். நன்றாகத் தெரியட்டும் என்பார். மேகத்தைப் பார்த்து ஒரு தடவை கையை ஆட்டிக்கூடப் பார்த்தார்.

மழை வலுக்கும்போதெல்லாம் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது. தனமோ வெளியே வர மாட்டாள். லாரியின் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு கயிற்றின் நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டி, மறு நுனியை ஜன்னல் வழியாக விட்டு அவள் வளையலில் முடிந்திருந்தார். அரிசி களையும்போது ஓர் இழுப்பு, காய் நறுக்கும்போது ஓர் இழுப்பு. அவள் திருப்பி இழுத்தால் வீடு நிற்கிறது என்று அர்த்தம்.

"மாட்டக் கட்ற மாதிரி கட்டிகீறான் பாரு சாரே," என்று தனம் என்னிடம் முறையிட்டாள். "கொழம்புக்கு உப்பு போட முடியல, கை அந்தாண்ட போவுது."

ஆனால் அந்த முடிச்சை அவள் அவிழ்த்து நான் பார்க்கவில்லை. ஒரு நாள் அவர் லாரியிலேயே அசந்து தூங்கிவிட்டார். கயிறு வெகுநேரம் இழுபடவில்லை. தனம் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்து லாரிக் கதவைத் தட்டியதையும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி, "சோறு ஆயிடுச்சு, எழுந்திரு" என்று சொன்னதையும் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

புதிதாக ஒட்டிய கண்ணாடி மார்கழியில் உடைந்தது. அதற்கு அடுத்து ஒட்டியது உடையவில்லை. தரை இறங்கி நின்றுவிட்டதா, மூச்சு வாங்கிக்கொள்கிறதா? யாரைக் கேட்பது?

பொங்கல் கழிந்து, விடுமுறைக் கூட்டமும் வடிந்த ஒரு காலையில் தபால்காரர் என்னைத் தேடி வந்தார். மனுவில் பதில் முகவரிக்கு 'மேற்பார்வை', அதாவது கேர் ஆஃப், என்று என் பெயர் போட்டிருந்தேன். உறையை நானே நைனா வீட்டுக்கு எடுத்துப் போனேன். இருவரும் வாசற்படியில் நின்றார்கள். ஒரே பக்கம். ஒரு முறை மனதுக்குள் படித்தேன்.

'தாங்கள் குறிப்பிட்டுள்ள பகுதி உள்ளிட்ட கடலோரப் பகுதிகள் தொடர்ந்து பார்வையிடப்பட்டு வருகின்றன. தனிப்பட்ட கட்டடங்கள் குறித்துக் கருத்துத் தெரிவிக்க இயலாது. தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

குற்றம் சொல்ல முடியாத பதில். நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுத்தமாக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

"இன்னா சொல்றாரு சாரே? எறங்குதா?"

"எறங்குதுன்னு போடல."

"எறங்கலன்னு?" இது தனம்.

"அதுவும் போடலம்மா."

"பின்ன இன்னாதான் எழுதிகீது?"

"நம்ம பக்கத்தையெல்லாம் பாத்துக்கிட்டே இருக்காங்களாம்."

நைனா அந்தச் சொல்லை வாயில் புரட்டிப் பார்த்தார். "பாத்துக்குறாங்களா?"

கண்காணிப்பது வேறு, கவனித்துக்கொள்வது வேறு. அலுவலகத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி மேஜை, பல நேரங்களில் தனித்தனிக் கட்டடம். இந்த வேறுபாட்டை எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். அன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா நைனா, பாத்துக்குறாங்க" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். சுவரைத் தொடாமல், நுனிக்காலில் நில்லாமல், முழு எடையோடும் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"அப்போ வூட்ட அவரு பாத்துப்பாரு தனம். நாம்ப மட்டும் பாத்துகினு கெடக்க வாணாம். பூடலாம். எனக்குப் பயமா கீது."

தனம் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அவள் கேட்டது இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இரு, துணி எடுத்துகினு வரேன்," என்றாள். "நாலு மாடி. லிப்டுல வருவியா, கீழ நின்னு கத்துவியா?"

"கண்ண மூடிகினு வரேன்."

மோட்டாரை என்ன செய்வது என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணெதிரிலேயே மறுபடி தண்ணீர் எடுப்பது மரியாதை இல்லையாம். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த குரல் முழுவதையும் திறந்து, "நீயும் வந்துடு சாரே! அங்க எடம் கீது!" என்று கத்தினார். சந்தின் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. ஒன்றும் உடையவில்லை.

இப்போதும் மழை வந்தால் நான் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறேன். சுவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் உண்மை என்னவென்றால், அந்த மனிதர் போன பிறகு எனக்குத் தனியாகப் பயப்படத் தெரியவில்லை.

மனுப் பிரிவுப் பழக்கத்தில் கோப்புக்கு ஒரு கடைசிக் குறிப்பு. மேல் சாரின் பதில் வந்த தேதி: காணும் பொங்கலுக்கு மறுநாள்.